ரெண்டு பேர் படுக்கிற பெட்டி

“காட்டுக்குப் போறது காட்டை ரசிக்க. கக்கூசை ரசிக்க இல்ல. எதுக்கெடுத்தாலும் மறைப்பு, மறைப்பு எண்டு நிண்டா நாம எங்கயும் போக ஒண்ணா. உமக்கு ரசனையே இல்ல.”

இது என் கணவர் எங்கள் கல்லடி வீட்டு முற்றத்தில் நின்று சொன்னது. நான் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கூடாரவண்டி செய்வது அவருடைய தொழில் அல்ல. அவர் பென்சன் எடுத்த மனிதர். ஆனால் கூடாரவண்டி செய்கிறவருக்குப் பெண்சாதியாக இருப்பது முழுநேரத் தொழில். அதற்கு லீவும் இல்லை, பென்சனும் இல்லை. இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கைத்தொலைபேசியும் கையுமாக இருப்பார். அதனால் நீளமாக விளக்கத் தேவையில்லை.

தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற ஒரு சின்ன வண்டி. அதன் தலையில் மடித்து வைத்த ஒரு கூடாரம். தார் ரோட்டு முடிகிற இடத்துக்கு அப்பால் போய், குளக்கட்டோரம் நிறுத்தி, கூடாரத்தை விரித்து, ஏணியில் ஏறிப் படுக்க வேண்டும். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மைக்குக் காவல் இருக்கிறவன் யானைக்குப் பயந்து பரணில் ஏறிப் படுக்கிறான். எங்களவர் அதே யானையைப் பார்க்க ஆசைப்பட்டு, அதே இடத்தில், இன்னும் பதிவான பரணில் படுக்கப் போகிறாராம்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். பெண்கள் போய்வர, உள்ளே நின்று கொண்டி போடக்கூடிய ஒரு மறைப்பு அந்த வண்டியில் இருக்க வேண்டும். அது இருந்தால் இரவு தங்குவேன். இல்லாவிட்டால் பொழுது படமுதல் வீடு. அதற்குத்தான் எனக்கு ரசனை இல்லாமல் போனது.

பெட்டி தேடிய கதை

எங்கள் ஊரில் உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற வண்டியைப் ‘பெட்டி’ என்போம். நெல்லேற்றுகிற பெட்டி, மண்ணேற்றுகிற பெட்டி. கூடாரவண்டியும் அந்தச் சாதிதான் என்று இவரும் அதைப் பெட்டி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். திரிந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? செத்தவீட்டுக் காரியம் பார்க்கிற மலர்ச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் தச்சுப் பட்டறைக்குப் போய், “ரெண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கிற மாதிரி ஒரு பெட்டி வேணும், மழை ஒழுகாம இருக்கோணும்” என்று விசாரித்திருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் பின்வளவுச் செல்வம் மாமி ஒரு பை தோடம்பழத்தோடு வந்தாள். வந்தவள் கதிரையில் இருக்கவுமில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள். இவர் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு முகம் வழித்துக்கொண்டிருந்தார். மாமியின் முகம் இன்னும் கறுத்துப்போனது. பிறகு என் காதுக்குள் சொன்னாள்: “வருத்தம் எண்டா வைத்தியம் பார்க்கலாம் மகள். அதுக்காக ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி எண்டா, அப்படிப் புதைக்க விடமாட்டாங்ககா.”

ஜப்பான் சாமான்

பிறகு தெரிவுப் படலம். என் தம்பி ரூபனும் சேர்ந்துகொண்டான். அவன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். அதனால் வண்டி வாங்குவதற்கும் தனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறவன்.

முதலில் பார்த்தது வெள்ளை நிறத்தில் ஒரு அழகான சாமான். சக்கரம் என் இட்டலிச் சட்டி அளவு. “இது வட்டைச் சேற்றுக்குள்ள இறங்கினா அறுவடைக்குத்தான் திரும்பி வரும்; ஜீப்புச் சக்கரம் அளவில இருக்கோணும்” என்றேன். இருவரும் கேட்காதது போல் நின்றார்கள். ஆனால் வாங்கவில்லை. சக்கரம் ஜீப்பின் சக்கரம் அளவு இருந்தால் ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும் என்று ஒரு கிழமை கழித்து ரூபன் கண்டுபிடித்தான். அது நான் அன்றைக்கே வண்டியடியில் நின்று சொன்னதுதான். இந்த வீட்டில் நான் சொன்னது ஆண் வாயால் திரும்பி வந்தால்தான் அறிவு.

இரண்டாவது, ஏறாவூர்ப் பக்கம் ஒருவர் கப்பலில் இறக்கி வைத்திருந்த பழைய ஜப்பான் வண்டி. பொத்தானை அமத்தினால் கூடாரம் தானாக எழும்பும். அடுப்பு இழுப்பறைக்குள் இருந்தது. கண்ணாடி பார்க்க ஒரு விளக்கு. சட்டை கொளுவ ஒரு கம்பி. நான் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதில போய்வர இடம் எங்க?” என்று கேட்டேன். விற்கிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவ்வளவு நல்ல சாமானைப் பார்த்துவிட்டு இந்த மனிசி எதைக் கேட்கிறது என்ற பார்வை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “மேடம், இது ஜப்பான்காரன்ட சாமான். அவங்க வெளியில வந்தா அதுக்கெல்லாம் போறல்ல.”

பாரம்

கடைசியில் ஒரு பழைய மெசின் பெட்டியையே வாங்கி, அதைக் கூடாரவண்டி ஆக்குவது என்று முடிவானது. காத்தான்குடியில் ஒரு வெல்டிங் கடை. கடைக்காரரை எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்பார்கள்; அவர் கையில் வேலை பழுதில்லை, வாயில்தான் பெருமை கூட. அச்சை உயர்த்தினார். வில்லுத் தகட்டை மாற்றினார். கொளுவுகிற இடத்தை எந்தப் பக்கமும் திரும்பும்படி செய்தார். அதுவரைக்கும் எனக்கும் சந்தோசம்தான்.

பிறகுதான் ஆண்கள் மூவருக்கும் ஆசை பிறந்தது. தண்ணீர்க் கலனுக்கு ஒரு தாங்கி. தூண்டிலுக்கு ஒரு குழாய். சோடாப் போத்தல் திறக்க, இரும்பில் ஒட்டிய ஒரு திறப்பான். ஐஸ் பெட்டிக்கு ஒரு தட்டு. அதற்கு மேல், இருவர் தூக்கினால்தான் அரக்கலாம் என்ற அளவில் ஒரு ஸ்பீக்கர். நான் ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்டேன். மறைப்புக்கு நாலு குழாய், ஒரு கதவு, ஒரு கொண்டி. அவ்வளவுதான். “பாரம் கூடிரும்” என்றார் இவர். “சமநிலை குழம்பும்” என்றான் ரூபன், கணிதம். நான் அந்த ஸ்பீக்கரைக் காட்டி, அப்ப இது என்ன பஞ்சா என்று கேட்டேன். காக்கா தலைக்கவசத்தை நெற்றிக்கு உயர்த்தி எனக்கு ஆறுதலாகச் சொன்னார்: “பாட்டுப் பெட்டி பாரமில்ல தங்கச்சி, அது சந்தோசம்.”

மீன்காரருக்கு வந்த விருப்பம்

வண்டி வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றதும் ஊரே பார்க்க வந்தது. கல்லடிக் கடற்கரையில் மீன் எடுத்து விற்கிற ஒருவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். தட்டில் தட்டிப் பார்த்தார். இவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்று கூடாரம், ஏணி, காற்று, காடு, நட்சத்திரம் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். மனிதர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார்: “அக்கா, அந்தத் துணியக் கழட்டினா ஐஸோட எவ்வளவு மீன் ஏத்தலாம்?”

அந்த வண்டியைப் பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான்.

அகதிக் கூடாரம்

கூடாரத்தை முதல் முறை விரித்த அன்று நான் உள்ளே ஏறிப் பார்த்தேன். புதுத் துணி, வெயிலில் காய்கிற மணம். அந்த மணம் எனக்குப் பழையது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தோம். இவருக்கு அப்போது தூர இடத்தில் வேலை; சனி ஞாயிறுதான் வருவார். வந்தால் வாசலில் கதிரை போட்டு இருப்பார். கூடாரங்களுக்குப் பின்னால் பெண்கள் நாங்கள் சாக்கைப் பிடித்துக்கொண்டு முறைபோட்டு நின்ற கதையைச் சனி ஞாயிறில் வருகிறவர் எங்கே காண்கிறது? நான் படித்த கொன்வென்டில் சிஸ்டர்மார் எங்களுக்கு மேசைக் கரண்டி பிடிக்கும் விதம் முதற்கொண்டு எல்லாம் பழக்கினார்கள். சாக்குப் பிடிக்கும் விதத்தை நாங்களாகத்தான் பழகினோம்.

ஏணியால் இறங்கி வந்து, அதனால்தான் கேட்கிறேன், விளையாட்டுக்கு அல்ல என்று சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. இவர் யோசித்தார். யோசித்ததன் பலன் இது: “அது அகதிக் கூடாரம். இது உல்லாசக் கூடாரம். ரெண்டையும் ஒண்டாக்காதீர்.”

கிறுக்கு

ஆனாலும் என் பேச்சு எங்கோ பட்டிருக்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் ஒரு குளத்தடிக்குப் போவதென்றும், மறைப்பு அங்கே வைத்துப் பூட்டப்படும் என்றும் இவர் சத்தியம் செய்தார். குழாய் நாலும் பெட்டிக்குள் கிடக்கிறது, சுற்றிக் கட்டத் தறப்பாள் துணியும் கிடக்கிறது என்றார். நம்பினேன். நானும் இவரும், ரூபனும், அவன் பெண்சாதி சாந்தியுமாக வெளிக்கிட்டோம்; இரவு படுக்கக் கூடாரம் எங்களுக்கு, ஜீப் அவர்களுக்கு.

குளத்துக்குப் போகும் வட்டைப் பாதையில் ஒரு இடத்தில் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. கொளுவிய வண்டியைப் பின்னால் எடுப்பது என்பது கல்யாணம் மாதிரி: நீங்கள் இடப்பக்கம் வளைத்தால் அது வலப்பக்கம் போகும். ரூபன் இறங்கி நின்று வழிகாட்டினான். திருப்பு என்பதை நாங்கள் ‘கிறுக்கு’ என்போம். “அத்தான், கிறுக்கு, கிறுக்கு, இன்னும் கிறுக்கு!” என்று அவன் கத்த, இவர் கிறுக்கக் கிறுக்க, பெட்டி மெதுவாகப் போய் வாய்க்காலுக்குள் ஒரு காலை வைத்தது. ஸ்பீக்கர் சாய்ந்து ஒரு பக்கம் பாடியது. மண்வெட்டியோடு வரம்பில் வந்த ஒரு வயற்காரர் நின்றார். ஜீப்பைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், போத்தல் திறப்பானைக்கூடப் பார்த்தார். பிறகு ரூபனிடம் தணிந்த குரலில் சொன்னார்: “கத்தாதீங்க தம்பி. கிறுக்கு எண்டு பார்க்கவே விளங்குது.”

யானைக் கரைச்சல்

வாய்க்காலிலிருந்து ஒருமாதிரி ஏறிப் போய்ச் சேர்ந்த குளத்தடி அழகுதான். அதை நான் மறுக்கவில்லை. தாமரை, கொக்கு, மருத மர நிழல், எல்லாம் இருந்தது. இறங்கியதும் இவரும் ரூபனும் தறப்பாளை எடுத்தார்கள். அப்பாடா என்று நினைத்தேன். எடுத்து, ஸ்பீக்கருக்கு வெயில் படாமல் ஒரு பந்தல் போட்டார்கள். மிச்சத்துக்குக் கீழே தாங்கள் இருந்து சீட்டுப் போட்டார்கள். நாலு குழாயையும் கொஞ்சம் தள்ளி நிலத்தில் நட்டுவிட்டார்கள். கதவில்லை, கொண்டியில்லை, துணியும் இல்லை. காற்பந்து விளையாட வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன கம்பங்கள் மாதிரி நின்றன.

மத்தியானம் சாந்திக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். சோடா கொடுத்தேன். வேண்டாம். அந்த வெயிலில் உதடு வெடித்திருந்தது. “என்னகா, தண்ணியாவது குடி” என்றேன். “தாகமில்ல மச்சாள்” என்று அந்தக் கம்பங்களைப் பார்த்தாள். காலையில் வெளிக்கிட்டதிலிருந்து பிள்ளை ஒரு மிடறு குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழும்பிப் போய்ச் சீட்டாடுகிறவர்களின் தலைக்கு மேலிருந்த தறப்பாளை அவிழ்த்தேன். ஒருவருக்கு இஸ்பேட் ராணி வெயிலில் தெரியவில்லையாம், கத்தினார். கத்தட்டும். நானும் சாந்தியுமாக அந்தக் குழாய்களில் மூன்று பக்கம் கட்டினோம், நாலாம் பக்கத்துக்குத் துணி போதவில்லை. என் சேலைத் தலைப்போடு ஒரு படுக்கை விரிப்பையும் சேர்த்து, நான் குறுக்கே நின்று பிடித்தேன். சாந்தி போய் வந்தாள். பிறகு அவள் பிடித்தாள், நான் போய் வந்தேன். வந்ததும் அவள் இரண்டு போத்தல் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

பொழுது படமுதல் நான் ஜீப்பில் ஏறி இருந்துவிட்டேன். சாந்தி எனக்குப் பக்கத்தில் ஏறினாள். இரண்டு பெண்கள் ஏறிவிட்டால் இரண்டு ஆண்கள் காட்டில் நின்று யாருக்கு ரசனை காட்டுவது? கூடாரம் விரிக்கப்படாமலே மடங்கியபடி திரும்பி வந்தது. வாசலில் செல்வம் மாமி, தங்கப் போனவர்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். இவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “யானைக் கரைச்சல் மாமி, ஒரே தொல்லை. அதான் வெள்ளன வந்திட்டம்.”

ஆகவே சக்கரம், அச்சு, வில்லு, ஏணி, பாட்டு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த அந்த வண்டியில், பெண்களுக்கென்று இருந்த ஒரே வசதி நாங்கள் கொண்டுபோன எங்கள் கைகள்தான்.

கேள்வி கேட்டால் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டும் என்றுதான் சிஸ்டர்மார் எங்களைப் பழக்கினார்கள். இவர் படித்தது வேறு பள்ளிக்கூடம். ஜீப்பிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரூபன் தொலைபேசியில் அடுத்த குளத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தான். நான் வாசற்படியில் நின்று இருவருக்கும் கேட்கும்படி கேட்டேன்:

“நாளைக்குக் காத்தான்குடிக்குப் போய், அந்த நாலு குழாய்க்கும் ஒரு கதவும் ஒரு கொண்டியும் போடச் சொல்லுறீங்களா?”