மீனுக்கு வைத்த ஐஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைகாலம். ரொறன்ரோவில் அடித்த புயற்காற்றில் எங்கள் மோர்னிங்சைட் பக்கம் முழுவதும் கரண்ட் போய்விட்டது. என் மகன் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அவன் வயிறு ஏற்கவில்லை. எனக்கோ பால் வற்றிக்கொண்டு வந்தது. முதல் வாரங்களில் எடுத்து உறையவைத்ததுதான் கைவசம். ஆஸ்பத்திரியில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைப்பார்கள். மற்றதெல்லாம் எங்கள் வீட்டுப் பிரீசரில்.

அடுத்த நாள் மத்தியானமும் கரண்ட் வரவில்லை. பால் பைகளின் ஓரம் இளகத் தொடங்கியது. பக்கத்து ஊரான அஜக்ஸில் அக்கா வீட்டிலும் இதே நிலைமை. போன கடைகளிலெல்லாம் ஐஸ் முடிந்திருந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் மகனோடு நின்றார். நான் பாலைக் கூலர் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கடைசியாக ஒரு தமிழ் மீன்கடைக்குப் போனேன். அதுவரை அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை.

"ஐஸ் விக்கிறேல்லை தங்கச்சி. இருக்கிறது இந்த மீனுக்கே காணாது" என்றார் கடைக்காரர்.

"பால் பழுதாகப் போகுது அண்ணை."

"பாலெண்டா நாளைக்கு வாங்கலாம்தானே?"

"தாய்ப்பால். பிள்ளை ஆஸ்பத்திரியில..."

அவர் மீனுக்கு மாற்றிப் போட வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பின்னாலிருந்து இழுத்து வந்தார். ஐஸை அள்ளி, உப்புக் கலந்து, பைகளைச் சுற்றி இறுக்கினார்.

"உப்புப் போட்டா இன்னும் குளிரும். பால் இளகாது."

"அப்ப உங்கட மீன்?"

"சண்டைக்காலத்தில எங்கட மன்னாருக்கு ஐஸே வர விடேல்லை. நாங்கள் பிடிச்ச மீனெல்லாம் கருவாடுதான். இதையும் உப்புப் போடுவம். பாலை அப்படிச் செய்யேலாதே பிள்ளை."

அவருடைய மனைவி அதற்குள் ஒரு பெரிய அறக்குளா மீனை உப்புப் போடுவதற்காகக் கீறத் தொடங்கியிருந்தார்.

அன்று பொழுதுபடத்தான் கரண்ட் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பால் கல்லாகவே இருந்தது. மகன் அந்தப் பாலிலேயே தேறி வீடு வந்து சேர்ந்தான்.

தர முடியாது என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் குறை நினைத்திருக்க மாட்டேன். ஐஸ் இல்லாமல் காலம் தள்ளிய மனிதர்தான் இருந்த ஐஸை எனக்குத் தந்தார் என்பதை, யாராவது என்னிடம் ஓர் உதவி கேட்டு நிற்கும்போது இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.