ஆயுத பூஜைக்குப் பிறகு பேசாத கீபோர்டு

நேற்று பூஜையில் வைத்த, கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிக்கும் என் குட்டி மிடி கீபோர்டை, விஜயதசமியான இன்று நல்ல நேரம் பார்த்து எடுத்தேன். மாலைக்குள் ஒரு கல்யாண வீடியோவுக்கு இசை கொடுக்க வேண்டும்.

எந்தக் கட்டையை அழுத்தினாலும் கம்ப்யூட்டரின் இசை சாஃப்ட்வேரில் இருக்கும் புல்லாங்குழல் வாயே திறக்கவில்லை.

கேபிளை மாற்றினேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பொன்மலை நண்பனுக்குப் போன் போட்டேன்.

"சிக்னல் வருதாடா?"

"வருதுடா. சத்தம்தான் வரல."

"அப்ப ஆக்டேவ் பட்டனைப் பாரு."

பார்த்தேன். ஸ்தாயியைக் கீழே இறக்கும் அந்தப் பட்டன், அம்மா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியதில் அமுங்கியே கிடந்தது. நான் வாசித்ததெல்லாம் புல்லாங்குழலுக்கு எட்டாத பாதாளத்தில் இருந்திருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன்.

"எல்லா பட்டனுக்கும் வெச்சிருக்கணும். அவசரத்துல ஒண்ணோட விட்டுட்டேன்" என்றாள்.

உங்கள் வீட்டில் பொட்டு வைத்த பிறகும் எதெல்லாம் வேலை செய்கிறது?