காகிதப்பூவுக்கு ஒரு குவளைத் தண்ணீர்

கிளிட்டஸ் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும். அதனால்தான் துபாய்க்கு வந்து, வர்சானில் ஒரு செடிக்கடையில் பூச்செடி பார்க்கிறான். விமானத்திலும் வாந்தி எடுத்தாயா என்று கேட்டால் அடிக்க வருவான்.

அதே கடையில் விற்பனைக்கு நிற்பவன் நான், முகம்மது ரிபாய், காயல்பட்டினம். கடையை ஒட்டியே இருக்கும் கம்பெனி கேம்ப் ரூமில் மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு.

கோடையில் காகிதப்பூச் செடிகளையெல்லாம் மொட்டையடித்துவிடுவோம். பெயர் எழுதிய அட்டையை வெயில் வெளுத்துவிடும். அப்புறம் எது என்ன நிறம் என்று முதலாளிக்கே தெரியாது, கிளிட்டஸுக்குத் தெரியும். துளிர் செம்பு நிறத்தில் இருந்தால் சிவப்பு, வெளிர்பச்சை என்றால் வெள்ளை என்பான். முள்ளைத் தடவுவான், இலையைத் தேய்ப்பான். அவன் சொல்லித் தப்பியதை நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமைதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

டிசம்பர் எங்களுக்கு சீசன். இருவரில் ஒருவருக்குத்தான் லீவு, யார் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார் மேனேஜர். கிளிட்டஸின் மகள் அஜிஷாவுக்கு மூன்று வயது. அவளோடு ஒரு கிறிஸ்துமஸ்கூட அவன் இருந்ததில்லை. எனக்கு மச்சினன் கல்யாணம். உண்மையைச் சொன்னால், கல்யாண பிரியாணி.

"மூணு செடி. பூவைப் பாக்காம நெறத்தைச் சொல்லு. மூணும் சரின்னா லீவு உனக்கு," என்றேன்.

"எடுத்துட்டு வாலே!"

என்றாவது அவனை மடக்கலாம் என்று, ஏப்ரலில் பூத்திருந்தபோதே தொட்டி அடியில் அந்தந்த நிற நூலைக் கட்டி வைத்திருந்தேன். முதல் செடி சிவப்பு என்றான், சிவப்பு நூல். அடுத்தது வெள்ளை, வெள்ளை நூல். மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தான்.

"முள்ளு சின்னது, நுனி வளைஞ்சிருக்கு. இலை மினுங்குது. கத்தரிப்பூ கலர்."

தொட்டியைத் தூக்கினால் ஆரஞ்சு நூல். அன்று காலையில் அதை மாற்றிக் கட்டியவன் நான்தான்.

கிளிட்டஸ் சண்டை போடவில்லை. அந்தத் தொட்டியைக் கொண்டுபோய் எங்கள் ரூம் ஜன்னலுக்கு வெளியே வைத்தான்.

"இதுக்கு இனி தண்ணி கெடையாது," என்றான்.

காகிதப்பூவைக் காயப்போட்டால் பூக்கும். தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாகத் தழைக்கும். செடிக்கடைப் பூனைக்குக்கூட இது தெரியும். பூத்துவிட்டால் என் நூலின் குட்டு உடைந்துவிடும்.

அதனால் தினமும் அவன் குளிக்கப் போனதும் ஜன்னல் வழியாக ஒரு குவளை ஊற்றினேன். மறந்த நாளில் டூட்டிக்கு நடுவே ஓடிவந்து ஊற்றினேன். செடி கீரைப்பாத்தி மாதிரி தழைத்தது, ஒரு மொட்டு இல்லை. நான் டிக்கெட் போட இரண்டு நாள் இருந்தபோது, தலையில் சோப்பு நுரையோடு கிளிட்டஸ் பின்னால் வந்து நின்றான். என் கையில் குவளை.

"லே ரிபாய், ஜெயிச்சவன் எப்படா பூக்கும்னுல்லா காத்திருப்பான். நீ எதுக்குலே தண்ணி ஊத்துற?"

குவளையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. மேல்கட்டிலில் ஒட்டியிருந்த அஜிஷாவின் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"நூலை மாத்துனது நான்தான். நீ போயிட்டு வா," என்றேன்.

அவன் ஊருக்குப் போனான், பிரியாணி போனது. புத்தாண்டு கழிந்து ஒரு காலையில் செடி நிறையப் பூ, அத்தனையும் கத்தரிப்பூ நிறம். படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தண்ணிய நிறுத்திட்டியோ?"