பலகையோடு நகர்ந்த வளைவு

அனமார்ஃபிக் லென்ஸ் உலகத்தை ஒல்லியாக்கிவிடும். கிளேபாங் கடற்கரையில் படப்பிடிப்பு நடந்தபோது மானிட்டரில் பார்த்தேன். இளநீர்க் கடை, அங்கே நின்றவர்கள், கடல் எல்லாமே பக்கவாட்டில் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. பிறகு கணினியில் இழுத்து விரித்தால்தான் அவை தம் அகலத்துக்குத் திரும்பும். அந்த ஒல்லிக் கடலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்கு அது தேவையே இல்லை. பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கேமரா எங்கே இருந்தது, எப்படி நகர்ந்தது என்பதைப் படத்திலிருந்தே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆயர் குரோவில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து செய்கிறேன். அந்தப் படத்தில் கிளேபாங் மணல்மேல் ஒரு பழைய பாய்மரக் கப்பல் நிற்க வேண்டும். கப்பல் கணினியில் செய்தது. கேமரா நகரும்போதும் அது மணலில் ஒட்டி நிற்க வேண்டுமானால், நேர்க்கோடுகளை லென்ஸ் எங்கே எவ்வளவு வளைக்கிறது என்று முதலில் அளந்தாக வேண்டும். அதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை ஒன்றைப் பல தூரங்களில் வைத்துப் படம் பிடிப்போம்.

பலகையை நானே செய்தேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேனர் அடிக்கும் கடையில் கட்டங்களை அச்சடித்து வாங்கி, பிளைவுட்டில் ஒட்டி, இரண்டு வாரம் கார் போர்ச்சில் சாய்த்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

லென்ஸைக் கையாண்டவர் ஃபோக்கஸ் பார்க்கும் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், விமான நிலையத்தை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊரில் வீடு. பெட்டியிலிருந்து லென்ஸை எடுக்கும் முன் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். லென்ஸுக்கு ஞானஸ்நானமா என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார்.

அளந்து முடித்துக் கப்பலை வைத்தேன். கப்பல் நிற்கவில்லை. படத்தின் வலது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் மணலைவிட்டு மெல்ல வழுக்கியது. ஐந்து நாள் மல்லுக்கட்டினேன். வலப்பக்கம் மட்டும் ஒரு வளைவு, நல்ல லென்ஸில் இருக்கவே கூடாத வளைவு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இயக்குநரைக் கூப்பிட்டு, லென்ஸ் அடிபட்டிருக்கிறது, யாரோ கீழே போட்டிருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். அந்த யாரோ யார் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் இல்லை என்றார். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. அடுத்த படப்பிடிப்புக்கு அவரைக் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு பிற்பகல், நல்ல மழை. கப்பலைக் கையாலேயே ஒவ்வொரு படமாக ஒட்டவைத்துச் சலித்துப்போய், பலகைப் படங்களைச் சும்மா ஓடவிட்டேன். ஃபோக்கஸை மாற்றும்போது இந்த வகை லென்ஸில் படம் மூச்சு விடும். கட்டங்கள் உயரவாக்கில் நீளும், பிறகு சுருங்கும். நீளும், சுருங்கும். கூரையில் மழைச் சத்தம். நாற்காலியில் சாய்ந்தபடி நானும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. கட்டங்களுக்குப் பின்னால் எங்கேயோ கடல் இருப்பதுபோல் இருந்தது.

லென்ஸ் பார்க்கும் அகலத்துக்குப் பலகை போதாததால், அதை நடுவிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்தி எடுத்திருந்தோம். நடுவில் எடுத்தவற்றை மட்டும் வைத்து நான் அளந்திருந்தேன். மற்றவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. இப்போது பலகை இடப்பக்கம் தள்ளியிருந்த படம் வந்தது. வளைவும் இடப்பக்கம் தள்ளியிருந்தது. லென்ஸில் கோளாறு என்றால் அது படத்தில் ஒரே இடத்தில் நிற்கும். இது பலகையோடு நகர்ந்தது.

இறங்கிப் போய் இரும்பு ஸ்கேலைப் பலகைமேல் வைத்தேன். வலது ஓரத்தில் ஸ்கேலுக்கு அடியில் என் விரல் நுழைந்தது. போர்ச்சில் சாரல் பட்டு பிளைவுட் வளைந்திருக்கிறது.

உடனே இயக்குநரிடம் சொன்னேன். அவர் குழம்பிப்போனார். போன வாரம் அண்ணனே வந்து, தவறு தன்னுடையதுதான், இனி லென்ஸைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மழை விட்டிருந்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பத்து பெரண்டாம் போகும் வழியெல்லாம் சாலையோரத் தண்ணீரில் வானம் கிடந்தது. விமானம் ஒன்று மிகத் தாழ்வாக, சத்தமே இல்லாததுபோல் இறங்கிப் போனது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டேன்.

அண்ணன் கைலியோடு வந்து கேட்டைத் திறந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நான்தாம்மா போட்டிருக்கேன். லோரிலேருந்து எறக்குறப்ப. மொதல்ல ஞாபகம் இல்ல. இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. டங்குனு ஒரு சத்தம். படுத்தா அதான் கேக்குது."

அந்தச் சத்தம் எழவே இல்லை. நான் இயக்குநரிடம் அடித்துச் சொன்ன பிறகு, தினம் தினம் யோசித்து அவரே உண்டாக்கிக்கொண்டது. காரின் பானெட்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் படங்களை ஓடவிட்டேன். பலகை நடுவில், பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். அவருக்கு விளக்கவே தேவையில்லை. இரண்டாவது படத்திலேயே குனிந்து பார்த்தார்.

"வளைவு பலகையில இருக்கு," என்றார்.

"ஆமாண்ணே. என் பலகைதான். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்கண்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, என்னிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப நான் போடலையாம்மா?"

"போடலண்ணே."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."