வெயில் தின்ற கிடை

என் தாய்மாமனிடம் ஒரு ஜோடிக் காளைகள் இருந்தன. என் அப்பாவிடம் ரோஷம் இருந்தது. எங்கள் ஊரான சிலமலையில் அந்த வருடம் எங்கள் சோளம் தேறாமல் போனதற்கு இந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன.

தகராறு என் தங்கையின் காதுகுத்தில் தொடங்கியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சீர் வாங்கப் போடிக்குப் போன மாமா, பஸ்சு கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தவே, அப்பா தன் பங்காளி ஒருவரின் மடியில் தங்கையை உட்கார வைத்துவிட்டார். மாமா தாம்பாளமும் மாலையுமாக வந்து சேர்ந்தபோது, குத்திய காதுகளோடு தங்கை அழுதுகொண்டிருந்தாள். மாமா தாம்பாளத்தை வாசலில் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அப்பா அதுவரை மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் கீழே இறங்குவார். அட்டை கடித்த புண்ணும் குளிர்காய்ச்சலுமாக ஒரு தடவை இறங்கியவர், இனி மலை ஏறுவதில்லை என்று சொல்லி, போடிக் கடைவீதி ராவுத்தர் ஒருவரின் புஞ்சையைக் குத்தகைக்குப் பிடித்தார். பேச்சு ஒரு வெள்ளாமைக்குத்தான். விளைந்தால் குத்தகை தொடரும், அப்பா வீட்டில் இருப்பார். விளையாவிட்டால் மறுபடியும் மலை ஜீப்பு. அப்பா வீட்டில் இருந்த முதல் வருடம் எனக்கு அதுதான். பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒழுங்காகப் போனேன்.

நிலம் வெளுத்துப்போன நிலம். மூட்டை உரம் வாங்க வழியில்லை. அதனால் கிடை போட்டோம். கிழக்கே இருந்து செம்மறி ஆடுகளை ஓட்டி வருகிறவர்கள், கேட்கிறவர் நிலத்தில் இரவு அடைத்துவிட்டுப் போவார்கள். பேசிய இரவுகள் முடிந்து ஆடுகள் கிளம்புகிற நேரம் வந்தபோது, புஞ்சை முழுவதும் புழுக்கையும் மூத்திரமுமாகக் கறுத்துக் கிடந்தது. கண் கரித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்றேன்.

கிடை கிளம்பிய கையோடு உழுதுவிட வேண்டும். வெயில் ஏறினால் சத்து காற்றோடு போய்விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒரு மழை பெய்திருந்ததால் ஊரில் உள்ள ஏர்களெல்லாம் அவரவர் நிலத்தில் நின்றன. தன் உழவை முன்னமே முடித்துவிட்ட மாமாவின் காளைகள் மட்டும் தொழுவத்தில் இருந்தன. ஏர் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் பொழுது சாய, வெள்ளாமைக்காரர் தானே நேரில் போய்க் கூப்பிட வேண்டும். அப்பா என்னை அனுப்பினார்.

மாமா காளைகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"வாய்யா மருமகனே. என்ன சோலியா வந்த?"

"காலையில ஏரு வேணுமாம். அப்பா சொல்லிட்டு வரச் சொன்னாரு."

"ஏன், ஒங்கப்பனுக்குக் காலு சுளுக்கிக்கிருச்சா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் நடக்குறாரு."

அத்தை உள்ளேயிருந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"அப்ப நடந்து வரச் சொல்லு. இல்லாட்டி மடி குடுத்தான்ல ஒருத்தன், அவன்கிட்டயே மாட்டையும் கேக்கச் சொல்லு."

நான் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பாவின் முகம் சிவந்தது.

"அவரு மாட்டுக்கு நான் போயிக் கும்பிடு போடணுமாக்கும்? கெடக்கட்டும்."

கிடந்தது. மறுநாள் நல்ல வெயில். போடிமெட்டுப் பக்கமிருந்து ஆனி மாதக் காற்று வேறு. புஞ்சையின் வாடை ஊருக்குள் வந்து, தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"ரெண்டு எட்டு போயிட்டு வந்தா கொறைஞ்சா போயிருவீங்க?" என்றாள் அம்மா. அப்பா வேலிக்கு முள் வெட்டப் போய்விட்டார். அம்மா தன் அண்ணன் வீட்டுக்குத் தானே போனாள். மாமா அவளுக்குக் காப்பி போடச் சொன்னார்.

"ஒம் மேல எனக்கு என்னத்தா கோவம்? அவரு வந்து ஒரு வார்த்தை கூப்புடட்டும். வெரசா வந்துர்றேன்."

அம்மா காப்பியைக் குடிக்காமல் வந்து மண்வெட்டியை எடுத்தாள். கிணற்றை ஒட்டிய மூலையிலிருந்து கொத்தத் தொடங்கினாள். நானும் ஒரு களைக்கொத்தியோடு கூடவே கொத்தினேன். பொழுது சாயும்வரை கொத்தியும் அந்த மூலை ஒன்றுதான் மண்ணுக்குள் போனது.

அடுத்த நாளும் அப்படியே போயிற்று. அதற்கும் அடுத்த நாள் புஞ்சைக்குப் போனபோது கண் கரிக்கவில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம்.

"அம்மா, நாத்தம் போயிருச்சு! இனி மூக்கப் பொத்த வேணாம்!"

அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனையோ வருடம் கழித்து, ஊர் ஊராய்ப் போய்ப் பிழைத்த நாட்களில், நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் எச்சம் அள்ளினேன். உரத்துக்கு வந்த ஒரு விவசாயி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "கண்ணு எரியற வரைக்குந்தானுங்க இதுல சரக்கு இருக்குது." நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கை எச்சத்தை அள்ளி முகர்ந்து பார்த்தேன்.

தன் தங்கச்சியான என் அம்மா மண்வெட்டி பிடித்துக் கொத்துகிறாள் என்பது மாமா காதுக்குப் போயிருக்க வேண்டும். நாத்தம் போன மறுநாள் விடியும்போது வீட்டுப் பக்கம் வராமல் நேராகப் புஞ்சையில் ஏரைப் பூட்டிக்கொண்டு நின்றார். அப்பா போனார்.

"வாங்க மச்சான்."

"மாடு சும்மாதான் நின்னுச்சு மாப்ளே."

அதோடு சண்டை முடிந்துவிட்டது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி உழுதார்கள். ஒரே தூக்குவாளியில் கூழ் குடித்தார்கள். நடுவில் அப்பா ஒரு கை புழுக்கையை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினார். மாமாவும் முகர்ந்தார். காய்ந்த மிளகுபோல அது விரலிடுக்கில் உதிர்ந்தது. இருவரும் மறுபடி உழுதார்கள்.

சோளம் முளைத்தது. மஞ்சள் காமாலை கண்டதுபோல வெளிறி, முழங்கால் உயரத்திலேயே நின்றது. கிணற்று மூலை மட்டும் கருகருவென்று ஆளுயரம் வளர்ந்தது. நான் கொத்திய இடம் என்று கூட்டாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

கதிர் அறுத்ததும் அப்பா மலைக்குக் கிளம்பினார். போடியில் ஜீப்பு நிற்கும் இடம்வரை மாமாதான் அவருடைய கம்பளி மூட்டையைத் தூக்கி வந்தார். ஜீப்பில் ஏற்றச் சொல்லியும் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

"அடுத்த வருசம் நீங்க கூப்புடவே வேணாம் மாப்ளே. கிடை கெளம்புறதுக்கு முந்தி நான் ஏரோட வந்து நிக்கிறேன்."

"வருவீங்க மச்சான். நெலம் இருக்கணும்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்பாவின் பேச்சு வேடிக்கையாக இருந்தது. காலையில்தான் அதன் வழியாக வந்தோம். கிணறும் வரப்பும் வேலியுமாக நிலம் அங்கேயேதான் கிடந்தது. அது எங்கே போய்விடும்?