சிட்டுக்கு நான் கொடுத்த அரை மாத்திரை

கணவர் இறந்த பிறகு உத்தமபாளையம் வீட்டில் நானும் சிட்டு என்ற பூனையும்தான். ஒரு ஞாயிறு காலையில் அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமாலில் பாதியைக் கரைத்து, வாயைத் திறந்து ஊற்றினேன். மதியத்துக்குள் முகம் வீங்கி, ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சு வாங்கியது.

அரசு கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தது. என் போனில் இருந்ததெல்லாம் வெளியூர்க்காரர்களின் எண்கள். வேறு வழியில்லாமல், அதுவரை பேசிப் பழகாத எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஆடு வளர்க்கும் பாத்திமா அக்கா, தனக்குத் தெரிந்த, பக்கத்து ஊர் தேவாரத்துக் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, என்னுடன் ஆட்டோவில் ஏறினார்.

"என்னம்மா குடுத்தீக?" என்றார் டாக்டர்.

வெட்கத்தில், "ஒண்ணும் குடுக்கல" என்றேன்.

"உள்ளதைச் சொன்னாத்தான் காப்பாத்த முடியும்."

அழுதுகொண்டே சொன்னேன்.

"பூனைக்கு அது விஷம்மா" என்றபடி அவசரமாக ஊசி போட்டார். சிட்டின் மூச்சு சீரான பிறகு, "ராத்திரியும் முழிச்சிருந்து பாக்கணும். வீட்டுல வேற யாரு இருக்காக?" என்று கேட்டார்.



"நான் இருக்கேன் சார்" என்றார் அக்கா.

சிட்டு பிழைத்துவிட்டது. இப்போது டாக்டரைக் கேட்காமல் அதற்கு எந்த மருந்தும் கொடுப்பதில்லை. விடுமுறையிலும் பார்க்கும் டாக்டர்களின் எண்களை விசாரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பகலெல்லாம் இன்னமும் சிட்டிடம்தான் பேசுகிறேன். சாயங்காலமானால் மட்டும், கூப்பிடாமலே போய் அக்காவின் ஆடுகளுக்குத் தழை போடுகிறேன்.