பெட்டிக்குள்ள போகாத வரி

கிட்ட வந்து உக்காருங்க, மோட்டார் சத்தத்துல பாதி காதுல விழாது. செல்போன்லயே மோட்டாரைப் போட்டு நிறுத்துற பெட்டியை வயல் வயலா மாட்டுறது என் பொழப்பு. இதுல ப்ரோகிராம் எழுதுறவன் ஏசி ரூம்ல இருப்பான், ஏச்சு வாங்குறவன் வரப்புல நிப்பான். அடுத்தவன் செஞ்ச பொருளை மாட்டப் போய்த் திட்டு வாங்குற உங்களுக்கெல்லாம் இந்த எரிச்சல் புரியும்.

ஒரு நிமிஷ மோட்டார்

செஞ்சியில எங்க கம்பெனிக்கு ப்ரோகிராம் எழுதுறவன் தினேஷ். கெட்டிக்காரன், இல்லன்னு சொல்லல. ஆபீஸ் சோதனைக்கும் வயலுக்கும் ஒரே ப்ரோகிராம்தான். நடுநடுவுல # குறி போட்டு, 'இது சோதனைக்கு மட்டும், இது வயலுக்கு மட்டும்'னு வரி எழுதிடுவான். கம்ப்யூட்டர் முதல்ல அந்த வரியைப் பார்த்து, வேணாங்கிறதைத் தள்ளிட்டு, மிச்சத்தை மட்டும் பெட்டிக்குத் தயார் பண்ணும்.

சோதனை சீக்கிரம் முடியணும்னு ஒரு நிமிஷத்துல மோட்டார் நிக்கிற மாதிரி வச்சிருந்தான். அதை மாத்தாமலே என்கிட்ட கொடுத்துட்டான். சிங்கவரத்துல நாத்தைப் பிடுங்கி வச்சிக்கிட்டு ஆளுங்க காத்திருக்காங்க. போடுறேன், நிக்குது. மறுபடி போடுறேன், மறுபடி நிக்குது. வயல்காரர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாரு. "இன்னாய்யா, இது மோட்டாரா, விக்கலா?"

சாம்பல் கலர்

அது சிரிப்போட போச்சு. இது போகல. கிணத்துல தண்ணி வத்தினா பெட்டி தானா மோட்டாரை அணைக்கணும். ஆபீஸ் மேஜையில தண்ணி ஏது? அணைஞ்சுக்கிட்டே இருக்குதுன்னு அந்தப் பகுதியையே # போட்டுத் தள்ளி வச்சவன், திரும்ப எடுக்க மறந்துட்டான். மேல்சித்தாமூர் சாவித்திரியம்மா கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு, மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிப்போச்சு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விழுது மண்ணுல இறங்குற நேரம், தண்ணி இல்லாம ஆகாது. அந்த அம்மாவுக்கு அந்த வருஷத்துக்கு இருந்ததே அந்த ஒரு காணிதான்.

எனக்கு வந்த கோபத்துல தினேஷை பைக்ல உக்கார வச்சு நேரா கிணத்துக்கே கொண்டுபோனேன். பயபுள்ள லேப்டாப்பைத் திறந்து காட்டுறான்: "பாருங்கம்மா, எல்லாம் எழுதித்தான் இருக்குது." இருந்தது. சாம்பல் கலர்ல, செத்த எழுத்தா. தள்ளி வச்ச வரியெல்லாம் அவனுக்கு அப்படித்தான் தெரியுமாம். சாவித்திரியம்மா அதைப் பார்க்கவே இல்ல. "எழுதினது கிடக்கட்டும்டா, என் கிணத்துல போட்டியா?"

மஞ்சள் கலர்

ஏன்டா, கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன். சொல்லுமாம். சந்தேகமா ஏதாவது இருந்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை காட்டுமாம். தண்ணியை அளந்த கணக்கை ப்ரோகிராம்ல எந்த வரியுமே எடுத்துப் பார்க்கலன்னு அன்னைக்கும் காட்டியிருக்கும். ஆனா, 'எச்சரிக்கை எதுவும் காட்டாதே'ன்னு அதுக்கும் ஒரு # வரி போட்டு வச்சிருக்கான். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஏன்னு கேட்டா, கூசாம சொல்றான்: "மஞ்சளா வந்தா முதலாளி டென்ஷன் ஆவுறாரு மாமா."

சிவப்புக் கலர்

கருகின மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டித் திரும்பக் கிணத்துல இறக்குறதுக்குள்ள பாதி மல்லாட்டை காஞ்சுபோச்சு. தினேஷுக்கும் உறுத்தியிருக்கணும். தண்ணி வத்தினா அணைக்கிற அந்தப் பகுதியைத் தள்ளி வச்சா ப்ரோகிராமே தயாராகாம நிக்கிற மாதிரி ஒரு # வரி எழுதினான். நிக்கும்போது ஸ்கிரீன்ல சிவப்பா வரும்: 'என் கிணத்துல போட்டியா?' அந்த அம்மா கேட்ட அதே வார்த்தை. எனக்கே மனசு இளகிடுச்சு.

அப்புறம் ஒரு கண்காட்சி வந்தது. மேஜைமேல தண்ணியில்லாம மோட்டார் ஓடணும், முதலாளி பின்னாடியே நிக்கிறாரு. அந்தப் பகுதியைத் தள்ளி வச்சதுமே சிவப்பு எழுத்து வந்து வழிமறிச்சது. அந்த வரிக்கு மேல ஒரு # வரி, கீழ ஒரு # வரி தட்டினான் தினேஷ். சிவப்பு எழுத்து வந்த வரியே சாம்பலாயிடுச்சு. "இந்தப் பெட்டி எதையும் என் வண்டியில ஏத்த மாட்டேன்டா"ன்னு கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கல. "ரெண்டே வரி மாமா, அப்புறமா எடுத்துடுறேன்."

சாவித்திரியம்மா வாயை அடைக்க மேல்சித்தாமூர்லயே ஆள் கிடையாது, எங்க கெட்டிக்காரன் ரெண்டே வரியில அடைச்சிட்டான்.